தேயிலைப் பெட்டியின் தடித்த எழுத்து

ஊவா மாகாணத்துத் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் துரைமாரின் நாட்குறிப்புகளையும் ஆணைக்குழு அறிக்கைகளையுமே பெரிதும் நாடியுள்ளனர். கல்வி வாய்ப்புக் குன்றியிருந்த தொழிலாளர் ஓயாது கண்ணுற்ற எழுத்து அவற்றில் இல்லை. அது தேயிலைப் பெட்டியின் பலகையிலே கரிய மையால் தீட்டப்பட்டிருந்தது.

கொஸ்லந்த, அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதிகளில் மக்கள் 'ஸ்டோர்' என வழங்கும் தொழிற்சாலைகளில், நிறைத்து மூடிய பெட்டிமீது எழுத்து வெட்டிய உலோகத் தகட்டை வைத்துத் தூரிகையால் மை தடவுவர். தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், தொகுதி எண், நிறை ஆகியன தோன்றும். கொழும்பில் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. புகையிரதம் அப்புத்தளையை 1893இல் எட்டியது. பல கைகள் மாறிக் கடல் கடக்கும் பெட்டிக்குத் தொலைவிலிருந்தே படிக்கத்தக்க எழுத்து வேண்டியிருந்தது.

அவ்வெழுத்தின் குடிவழி இலண்டன் சுவரொட்டிகளுக்குரியது. நூல் படிப்பதற்கன்றி, நடந்து செல்வோரை நிறுத்துவதற்கென்றே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்செழுத்து வார்ப்போர் தண்டுகளைத் தடிப்பாக்கினர்; முனைகளிலுள்ள குறுக்குக் கட்டுகளையும் பருக்கவைத்தனர். 1845இல் வெளிவந்த கிளாரண்டன் அம்மரபிற் புகழ்பெற்றது. சொரசொரப்பான பலகையில் மை சற்றே சிதறினும் பருத்த எழுத்து உருவிழப்பதில்லை. தகட்டெழுத்தைப் பார்த்து அமெரிக்காவில் இருவர் 'ஸ்டென்சில்' என்னும் அச்செழுத்துகளைத் தனித்தனியே வெளியிட்டது 1937இலேதான். பெட்டி முந்தியது, அச்சுக்கூடம் பிந்தியது.

தகட்டில் மூடிய வட்டத்தை வெட்டினால் நடுப்பகுதி கழன்று விழும். ஆகவே சிறு பாலங்கள் விடப்படும். பெருவழக்கான 'பி.ஓ.பி.' என்னும் தரக்குறியில் ஆங்கில எழுத்து மூன்றுமே மூடிய வட்டமுடையவை என்பது சுவையான செய்தி. தமிழெழுத்தின் சுழிகள் தகட்டுக்கு ஒவ்வாதவை என்று காரணங் கூறுவது இதனால் பொருந்தாது. தமிழ் அங்கு இடம்பெறாமைக்குக் காரணம் வாங்குவோன் இலண்டனில் இருந்தமையே. கிளனனோர், ஐஸ்லபி முதலாய ஆங்கிலப் பெயர்கள் பெட்டியேறின. தொழிலாளர் தோட்டங்களுக்கு இட்டு வழங்கிய தமிழ்ப் பெயர்களோ வாய்வழக்காகவே நின்றன.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணிப் பங்கிட முற்பட்டு, 150,000 பேரின் நிலையைப் பின்னொரு முடிவுக்கு ஒத்திவைத்தது. அந்நாள்களில் கொழும்புத் துறைமுகத்தை அடைந்த ஒவ்வொரு பெட்டியும் தான் எவ்விடத்தது என்பதைத் தடித்த எழுத்தில் ஐயமறக் காட்டிற்று. அதனை நிரப்பியோரிடம் அவ்வாறு காட்டத்தக்க ஏடில்லை.

பின்னர் மரப்பெட்டியின் இடத்தைக் காகிதப் பைகள் பெற்றன, பெயர்கள் தொடர்ந்தன. ஆயினும் பல பிரிவுகளின் கொழுந்து ஒரே தொழிற்சாலையிற் சேர்வதால், தொழிற்சாலைக்குரிய பெயரன்றிப் பிரிவின் பெயர் வெளிப்படுவதில்லை. கொஸ்லந்தவிலுள்ள மீரியபெத்த அத்தகையதொரு பிரிவு. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து அதன் லயங்களை மூடியது. மறுநாட் பத்திரிகைகள் அப்பெயரைத் தலைப்பெழுத்தில் அச்சிட்டன.