சென்னைக் கடற்கரையில் படகைக் கரையேற்றும் முறைகள்

நீரில் மிதக்கும் படகைப் பழுதுபார்க்கவோ பாதுகாக்கவோ கரைக்குக் கொண்டுவருவது கரையேற்றுதல் எனப்படும். சென்னைப் பகுதியில் ஆள்பலத்தில் தொடங்கிய இவ்வேலை, இன்று கப்பலையே தூக்கும் இயந்திர மேடை வரை வளர்ந்துள்ளது.

இயற்கை அமைப்பு

குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஓதம் பல மீட்டர் உயர்ந்து தாழ்கிறது. அதனால்தான் அலங் கடற்கரையில் உயர் ஓதத்தின்போது பெரிய கப்பல்களையும் கரையேற்றிவிட முடிகிறது. சென்னையில் ஓத வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டர் மட்டுமே. கரையோர அலையோ வலியது. எனவே இங்கு படகைக் கடல் தானாகக் கரையில் விட்டுச் செல்லாது. மனிதரே இழுக்கவோ தூக்கவோ வேண்டும்.

கட்டுமரமும் மசூலாவும்

இந்தச் சூழலுக்கு மீனவர் கண்ட விடை கட்டுமரம். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே சுமந்து சென்று உலர்த்துவர். நீர் ஊறிய மரம் கனக்கும் என்பதால் உலர்த்துவது கட்டாயம். கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்த மசூலாப் படகுகளின் பலகைகள் ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டவை. தரை தட்டும்போது அவை உடையாமல் வளைந்து கொடுத்தன.

1861இல் இரும்புத் தூண்களின் மீது ஒரு பாலத்துறை அமைக்கப்பட்டது. பின்னர் எழுப்பப்பட்ட துறைமுக அலைதடுப்புச் சுவர்களை 1881 நவம்பர் புயல் சிதைத்தது. அவை மீண்டும் கட்டப்பட்டன.

வெளிநாட்டு முன்னோடிகள்

இங்கிலாந்தின் ஆண்டர்டனில் 1875இல் திறக்கப்பட்ட படகு உயர்த்தி, ஆற்றுக்கும் கால்வாய்க்கும் இடையிலுள்ள சுமார் 15 மீட்டர் உயரத்தை, நீர் நிறைந்த இரு தொட்டிகளைக் கொண்டு கடக்கச் செய்தது. ஒரு தொட்டி இறங்க, மற்றது ஏறும். ஸ்காட்லாந்தின் பால்கர்க் சக்கரம் 2002இல் திறக்கப்பட்டது.

விசைப்படகுகளின் காலம்

விசைப்படகு வந்தபின் நிலைமை மாறியது. பல டன் எடையுள்ள படகை மணலில் இழுக்க இயலாது. அதற்குத் துறைமுகமும் கிரேனும் சாய்தளமும் தேவைப்பட்டன. கிழக்குக் கடற்கரையில் 2001 முதல் 45 நாளாக இருந்த ஆண்டு மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் 61 நாளானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான இந்நாட்களில்தான் காசிமேட்டில் விசைப்படகுகள் பெரும்பாலும் கரையேற்றப்பட்டு, பழுது நீக்கி வண்ணம் பூசப்படுகின்றன. வருமானம் நிற்கும் இதே காலத்தில் கரையேற்றும் செலவும் சேர்வது படகு உரிமையாளருக்குப் பெருஞ்சுமை. கட்டுமரங்களின் இடத்தைப் பிடித்த பைபர் படகுகளைச் சில குப்பங்களில் டிராக்டர் கொண்டு இழுக்கின்றனர்.

எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்தில் கப்பல் உயர்த்தி உள்ளது. அதன் மேடை நீருக்குள் இறங்கும். கப்பல் அதன்மேல் நிறுத்தப்படும். இருபுறமுள்ள வின்ச்சுகள் ஒரே சீராக மேடையை உயர்த்தும். பிறகு கப்பலை உலர்தளத்துக்கு நகர்த்திவிட்டு அடுத்ததை ஏற்றலாம்.

தேர்வு செய்யும் அடிப்படை

படகின் எடை, நீளம், ஓத வேறுபாடு, ஆண்டில் எத்தனை முறை ஏற்ற வேண்டும் என்பவையே முறையைத் தீர்மானிக்கின்றன. அடிக்கடி பயன்படாத பெரிய இயந்திரத்தைத் தனியொருவர் வாங்குவது கட்டுப்படியாகாது. பலர் பகிரும் பொதுச் சாய்தளமோ வாடகைக் கிரேனோ ஏற்றது. கட்டுமரக்காரருக்குக் கரையேற்றத் தோளும் துணையும் போதுமாயின. விசைப்படகுக்காரரோ துறைமுகத்தையும் கிரேனையும் நம்பியிருக்க வேண்டியவரானார்.