கண்காணிக்கப்பட்டவர் முகம்: பழைய தமிழ் உளவுப் படங்கள் குறித்து முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசிப்பு

1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியின் பின்னால் ஆங்கிலேய அரசின் ஒற்றர்கள் ஓயாமல் திரிந்தார்கள். வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் பொய் ஆவணங்கள் அடங்கிய ஜாடியைப் போட்டு, பிரெஞ்சுப் போலீசை ஏவிவிடவும் சூழ்ச்சி நடந்தது. அந்த நெருக்கடிக்கு நடுவே பாரதி ஆறுதல் தேடிய இடம் முத்தியால்பேட்டையில் கிருஷ்ணசாமி செட்டியாரின் தோப்பு. இந்த நினைவோடு நம் பழைய உளவுப் படங்களைப் பார்க்கும்போது, அவற்றில் அநேகமாக இல்லாதிருப்பது கண்காணிக்கப்பட்டவரின் பார்வை என்று தோன்றுகிறது.

விதிவிலக்கு எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954). ஜப்பான் சென்னையில் குண்டு வீசிய 1943-ஐக் களமாகக் கொண்ட, பாடல்களே இல்லாத ஏ.வி.எம். படம். இதில் ஒற்றன் அயலான் அல்லன். சிவாஜி கணேசன் நடித்த ராஜன், தன் கண்டுபிடிப்பை அரசு மதிக்காததால் மனம் கசந்து எதிரிப் பக்கம் சாய்ந்த வானொலிப் பொறியாளன். தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், காதலி என அவன் கொலையில் சந்தேகத்துக்குள்ளான ஒவ்வொருவரும் தம் குரலில் பேசுகிறார்கள். பண்டரிபாயின் உஷா கணவனோடு அரசியல் வாதம் செய்கிறாள்; அவள் கைத் துப்பாக்கிக்கே அவன் இரையாகிறான். அலங்காரத்துக்கு நிறுத்தப்பட்ட பெண் அல்லள் அவள். படம் வெளிவந்த ஏப்ரலில் புதுச்சேரி இன்னும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. நவம்பர் 1 அன்றே நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது.

அறுபதுகளில் இந்தப் பன்மை சுருங்கிவிட்டது. மாடர்ன் தியேட்டர்ஸின் ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) இரண்டிலும் ஜெய்சங்கரே துப்பறியும் நாயகன். முன்பு அஞ்சப்பட்ட சி.ஐ.டி. இப்போது கைதட்டல் வாங்கினார். ‘சி.ஐ.டி. சங்கர்’ நாயகியான சகுந்தலாவுக்கு ‘சி.ஐ.டி.’ என்பது பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆயினும் பிறகு அவருக்குப் பெரும்பாலும் கிடைத்தவை கவர்ச்சி நடனங்களும் வில்லி வேடங்களுமே. பட்டம் தந்த திரையுலகம் அதற்குரிய வேடங்களைத் தரவில்லை என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை. ‘விக்ரம்’ (1986) வரும்போது அயல்நாடே கற்பனையாகிவிட்டது: சலாமியா, புனைந்த மொழி, அந்நாட்டவராக இந்தி நடிகர்கள் அம்ஜத்கானும் டிம்பிள் கபாடியாவும்.

கேளிக்கைப் படத்திடம் வரலாற்றைக் கேட்கலாமா என்பார்கள். கேட்கலாம், அந்த வரலாறு தெரியாமல் எடுக்கப்பட்ட படங்கள் அல்ல இவை. எம்.ஜி.ஆர். நடித்த ‘ரகசிய போலீஸ் 115’ (1968) படத்தின் இயக்குநர் பி.ஆர். பந்துலு. ஏழு ஆண்டுகளுக்கு முன் ‘கப்பலோட்டிய தமிழன்’ எடுத்தவரும் அவரே. அரசால் வேட்டையாடப்பட்ட வ.உ.சி.யையும் அவர் தோழராகப் பாரதியையும் திரையில் நிறுத்திய அந்தப் படம் வசூலில் அவரைக் கடுமையாகக் கைவிட்டது.