ஆற்றிடைக்குறையில் ஒரு மள்ளன்

போரால் நெஞ்சு புண்பட்ட வீரன் ஆற்றையும் மரத்தையும் நாடிச் செல்லும் கதைநிலை முதல் உலகப்போருக்குப்பின் மேலைப் புனைகதையில் சிறப்பிடம் பெற்றது. எர்னஸ்ட் ஹெமிங்வே 1925-இல் வெளியிட்ட 'பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்' இதற்குத் தக்க சான்று. ஆசிரியர் 1918-இல் இத்தாலியப் போர்முனையில் காயமுற்றவர். அவர் படைத்த நிக் என்பான், எரிந்தழிந்த ஊரொன்றைக் கடந்து, ஆற்றங்கரையில் தனியே கூடாரமடித்து மீன் பிடிக்கின்றான். போரைப் பற்றிய பேச்சே கதையில் இல்லை. சொல்லாது விட்டதே அதன் பொருள்.

இஃது இருபதாம் நூற்றாண்டு கண்ட புதுமை என்று எழுதுவோர், இன்று திருச்சிராப்பள்ளியின் ஒரு பகுதியாய் விளங்கும் உறையூரை ஒருமுறை நினைத்தல் நன்று. அங்கிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழன் தன் மக்கள் இருவர் மேற் படையெடுத்தான். புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்தார். மக்கள் தோற்பின் நாட்டை யாருக்கு விட்டுச் செல்வாய், நீ தோற்பின் பகைவர் மகிழாரோ என்பது அவர் வினா (புறம். 213). அரசன் போரைக் கைவிட்டான், பின்னர் வடக்கிருந்தான். புறப்புண் நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனை 65, 66-ஆம் பாட்டுகள் காட்டும். அவனது புண் மெய்யிற் பட்டது, களத்திற் பட்டது. சோழன் புண்ணோ, நிகழாத போரொன்றினால் விளைந்தது. அகத்தே நிற்கும் இத்தகைய புண்ணுக்கு உரையாசிரியர் பெயரிட்டிலர்.

அவன் வடக்கிருந்த இடத்தைக் காட்டும் பாட்டுக் கருவூர்ப் பெருஞ்சதுக்கத்துப் பூதநாதனாருடையது (புறம். 219). ஆற்றின் நடுவே அமைந்த இடைக்குறை. இலைகளினூடே வெயில் புள்ளியிட்டு விழும் மரநிழல். அந்நிழலில் உடலை வாட்டும் ஒருவன். இவ்வளவே காட்சி. மக்கள் பகையும் இல்லை, படையும் இல்லை. ஆயினும் புலவர் அவனை மள்ளன் என்றே விளிக்கின்றார். அரசன் என்னாது வீரன் என்ற அவ்வொரு விளியில் சொல்லாத போர் முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. ஹெமிங்வேயின் விடுபாட்டினும் இது சுருக்கமானது என்பது என் கருத்து.

அவ்விடம் இன்றைய திருவரங்கமே எனத் துணிதற்குப் பாட்டில் ஊர்ப்பெயர் இல்லை. காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த திருவரங்கத்தைச் சிலம்பின் காடுகாண் காதை ஆற்றிடைத் துருத்தியாகப் போற்றும். உறையூர் முதுகூத்தனார் அவ்வூர்ப் பேரியாற்றின் வெண்மணலையும், பங்குனி விழாவின் மறுநாள் தீயற்ற அடுப்புகளோடு வெறிச்சோடிய சோலையையும் பாடினார் (அகம். 137). அங்கு வரும் அரங்கம் என்னும் சொல்லைத் திருவரங்கமெனக் கொள்வாரும் உளர். நிலத்தின் இயல்பை அறிய இவை போதும்.

இனி வேறுபாடு. நிக் தனியன், ஆறு அவனை மெல்ல ஆற்றுகின்றது. புண் ஆறுதற்கும் துயர் ஆறுதற்கும் தமிழில் ஒரே சொல் என்பது எண்ணத்தக்கது. ஆனால் உறையூர் ஆற்றிடையில் இயற்கை மருந்தன்று. அந்நிழல் அரசனைப் பிழைப்பிக்கவில்லை. உயிர்விடும் இடமே அது. ஆகவே, 'இயற்கையில் ஆறுதல்' என்னும் மேலைத் தொடரை இப்பாட்டின்மேல் அப்படியே ஏற்றுதல் பொருந்தாது. அவன் நாடிய ஆறுதல் வேறு. கண்டறியாத நண்பர் பிசிராந்தையார்க்கு இடம் ஒழித்து வைக்கச் சொன்னான் (216), அவரும் வந்தார். பூதநாதனாரின் வருத்தமும் இதுபற்றியதே: தமக்கு முன்பே பலர் உடனிருந்துவிட்டனர், காலந்தாழ்ந்து வந்த தம்மை மள்ளன் வெறுத்தனன் போலும் என்கின்றார். நிழல் நிறைந்திருந்தது!

போரினின்று மீண்டவன் துயரோடு நெருங்கி ஒப்பிடத்தக்கவர், என் எண்ணத்தில், அரசனல்லர், பொத்தியார். உடன் வடக்கிருக்க வந்த அவரை, மகன் பிறந்தபின் வருக என்று அரசன் திருப்பிவிட்டான். உறையூர் மீண்ட அவர், அரசனில்லா மன்றத்தைக் கண்டு, களிற்றை இழந்த பாகன் வெறுங் கட்டுத்தறியைக் கண்டு கலங்கியதுபோல் அழுதார் (220). ஊர் அவரை ஆற்றவில்லை. மகன் பிறந்தபின் மீண்டும் அவ்விடம் சென்றார். அங்கே அரசன் நடுகல்லாய் நின்றான். என் இடம் யாது எனக் கல்லை வினவினார் (222). கல்லான பின்னும் இடம் தந்தான் என்று பாடி, அவ்விடத்தே அமர்ந்தார் (223).