தொட்டி மண்ணின் பூர்வ கதை

சூரியனை எதிர்பாராமல் அறைக்குள் எல்.இ.டி. விளக்கின் கீழ்ச் செடி வளர்ப்பவர்கள், விளக்கின் நிறத்தையும் வாட்டையும் விசாரிப்பதில் காட்டும் சிரத்தையில் பாதியையேனும் தொட்டியை நிரப்பும் கலவையின்மேல் காட்டுவதில்லை. அந்தக் கலவைக்கோ விளக்கைவிட நீண்ட சரித்திரம் உண்டு.

தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளித் தொட்டியில் இட்டால் செடி நலிந்துபோகும். நிலத்தில் ஆழத்துக்கு இறங்கிவிடும் நீர், தொட்டியில் துவாரம் இருந்தாலும் அடிமண்ணை விட்டு அகலாமல் நிறைந்து நின்று, காற்றைத் துரத்தி வேரை அழுகச் செய்துவிடும். இதை அநுபவத்தால் அறிந்த இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள், இலைமக்கு, மட்கிய சாணம், மணல், கரித்தூள் என்று செடிக்கொரு கலவை வகுத்து, வைத்தியர் சூரணத்தைக் காப்பதுபோல் அதன் பக்குவத்தைக் காத்து வந்தார்கள்.

அந்த ரகசியங்களுக்கு முடிவு வந்தது லண்டனை அடுத்த மெர்ட்டனில். ஜான் இன்னஸ் என்ற வர்த்தகர் விட்டுச்சென்ற சொத்தைக் கொண்டு 1910இல் அங்கே ஏற்பட்ட ஆராய்ச்சி ஸ்தாபனம், வில்லியம் பேட்ஸன் தலைமையில் பரம்பரைக் குணங்களை ஆராயத் தொடங்கிற்று. எந்தக் குணம் எத்தனை செடிகளில் இறங்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதே அங்கே வேலையாதலால், பிரிமுலா நாற்றுகள் மண்ணின் கோளாற்றால் மடிந்தபோது செடிகளோடு கணக்கும் கெட்டது. ஆகவே 1930களில் லாரன்ஸ், நியூவெல் என்னும் இருவர் பரீட்சைமேல் பரீட்சையாக நடத்தி, தோட்டமண்ணை நீராவியில் ஏறக்குறைய 82 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிக் கிருமிகளை ஒழித்து, அம்மண் 7 பங்கு, சதுப்பு நிலத்தில் பாதி மட்கிய தாவரப் பொருளான பீட் 3 பங்கு, மணல் 2 பங்கு என்று, அநேகமாக எல்லாச் செடிக்கும் பொதுவான கலவையொன்றை நிர்ணயித்தார்கள். 1939இல் அதைப் புத்தகமாகவே வெளியிட்டுவிட்டார்கள், காப்புரிமை கோரவில்லை. கலவையினும் இந்தத் தாராளமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆனால் அது கனமான கலவை. நல்ல மண்ணும் எங்கும் கிடைப்பதில்லை. 1960களில் அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையார் மண்ணையே நீக்கி, பீட்டோடு வெர்மிகுலைட் என்ற இலேசான கனிமத்தைச் சேர்த்தனர். பீட்டுக்காகச் சதுப்பு நிலங்கள் அழிவதைக் கண்டு உலகம் கவலைப்பட்ட காலத்தில், பொள்ளாச்சி வட்டாரத்து நார் ஆலைகளின் ஓரத்தில் வீணே குவிந்து கிடந்த தென்னைநார்க் கழிவு, கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கப்பலேறிற்று. வெயிலும் காற்றும் படாத அறைக்குள் ஈரம் மெல்லத்தான் காயுமாதலால், பெர்லைட் என்ற இலேசான கல்துகள் கலந்த இந்தத் தென்னைநார்த் தூள் அங்கே மிகவும் உகந்தது. ஆனால் கட்டியை ஊறவைத்துப் பழுப்பாக இறங்கும் நீரை இரண்டு மூன்று முறை வடித்து உப்பைப் போக்காவிட்டால் இலைநுனி கருகும்.

2014இல் விண்வெளி நிலையத்தில் எல்.இ.டி. ஒளியில் கீரை வளர்க்கத் தலைப்பட்டவர்களுக்கும் வேருக்குக் காற்றில்லாமல் போகும் அந்தப் பழைய கவலைதான். எடையற்ற அவ்விடத்தில் நீர் கீழிறங்காமல் வேரைச் சூழ்ந்துகொண்டு மூச்சுத் திணறவைக்கும் என்பதால், அவர்கள் நிரப்பியது துளைகள் நிறைந்த சுட்ட களிமண் துகள்களை.