எடை குறைந்ததும் வராமல் போன நோயாளிகள்

கொஞ்சம் நீளமான த்ரெட். சின்ன வயசுல பட்ட கொடுமைக்கும் ஐம்பது வயசுல வர்ற மாரடைப்புக்கும் தொடர்பு இருக்குன்னு மருத்துவ உலகம் எப்படிக் கண்டுபிடிச்சதுங்கிற கதை. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை பத்தி நடுவுல வரும். அதைப் படிக்க முடியாதவங்க இங்கேயே நிறுத்திக்கலாம், தப்பில்லை.

1980கள். அமெரிக்காவின் சான் டியேகோ நகரம். கைசர் பெர்மனென்டே என்ற பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில் நோய்த்தடுப்புத் துறைத் தலைவராக இருந்தவர் டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி. அதீத உடல் பருமனுக்கு ஒரு கிளினிக் நடத்தினார். நல்ல ரிசல்ட். ஆனா ஒரு வினோதம்: பாதிப் பேர் நடுவுலயே நின்னுடறாங்க. எடை குறையாதவங்க நின்னா புரிஞ்சுக்கலாம். இங்க நின்னவங்கள்ல நிறையப் பேர் நல்லா எடை குறைஞ்சுக்கிட்டு இருந்தவங்க!

அதுல ஒரு பெண். ஒரே வருஷத்தில் 185 கிலோவிலிருந்து 60 கிலோவுக்கு வந்தவர். கொஞ்ச நாள் அப்படியே இருந்தார். திடீர்னு மூணே வாரத்தில் 17 கிலோ ஏறிடுச்சு. ஃபெலிட்டி விசாரிச்சப்ப, தூக்கத்தில் எழுந்து சாப்பிடறேன் போலன்னார். எப்போ இருந்துன்னு கேட்டா, கூட வேலை பார்க்கிற ஒருத்தர் 'அழகா இருக்கீங்க'ன்னு சொல்லி, தப்பான எண்ணத்தோட கூப்பிட்ட நாள்ல இருந்து. மேலும் பேசப் பேச, 10 வயசில் சொந்தத் தாத்தாவே சீரழிச்சது வெளிய வந்தது.

ஒரு கேஸை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அதனால அவரும் சக மருத்துவர்களும் 286 நோயாளிகளிடம் உட்கார்ந்து வாழ்க்கைக் கதையைக் கேட்டாங்க. பாதிக்கு மேற்பட்டவர்கள் குழந்தைப் பருவத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளானவங்க. டாக்டர்கள் 'பிரச்சினை'ன்னு நினைச்ச எடை, அவங்களுக்கு ஒரு பாதுகாப்புச் சுவர். சுவர் இடிய ஆரம்பிச்சதும் பயந்துட்டாங்க.

(அரசு மருத்துவமனை ஓபியில ஒரு நோயாளிக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்சா பெருசு. இந்தக் கேள்வியை எங்க கேட்கிறது? 'சர்க்கரை கூடிடுச்சு, வாயைக் கட்டுங்க'ன்னு சொல்லி அனுப்பிடறோம்.)

1990இல் அட்லாண்டாவில் நடந்த உடல் பருமன் மாநாட்டில் இதைச் சொன்னார் ஃபெலிட்டி. நல்ல வரவேற்பு இல்லை. தோத்துப்போன வாழ்க்கைக்கு இப்படி ஏதாவது சாக்கு சொல்வாங்க, நீங்க அப்பாவியா நம்பிட்டீங்கன்னு கூட்டத்தில் ஒருத்தர் முகத்துக்கு நேரா சொன்னார். ஆனா அன்னிக்கு அங்கே சிடிசி, அதாவது அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர் இருந்தார். 286 பேர் போதாது, ஆயிரக்கணக்கில் பாருங்கன்னார். அப்படித்தான் சிடிசியின் டாக்டர் ராபர்ட் ஆண்டா இதில் சேர்ந்தார்.

1995 முதல் 1997 வரை 17,000க்கும் அதிகமானவர்களிடம் கேட்டாங்க. 18 வயசுக்குள்ள அடி வாங்கினீங்களா, அசிங்கப்படுத்தினாங்களா, பாலியல் தொல்லை இருந்துதா, அம்மாவை யாராவது அடிச்சாங்களா, வீட்டில் குடிகாரர் இருந்தாரா, யாராவது ஜெயிலுக்குப் போனாங்களா... ஒவ்வொரு வகைக்கும் ஒரு மதிப்பெண். 1998இல் முதல் கட்டுரை வந்தது.

இங்க ஒண்ணு கவனிக்கணும். இவங்க ஏழைகள் இல்லை. பெரும்பாலும் வெள்ளையர்கள், கல்லூரி வாசலை மிதிச்சவங்க, காப்பீடு உள்ளவங்க. அவங்கள்லயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வகைக் கொடுமையாவது நடந்திருந்தது. நாலு அல்லது அதுக்கு மேல் உள்ளவர்களுக்கு, ஒண்ணுமே இல்லாதவர்களை விடக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி எல்லாம் 4 முதல் 12 மடங்கு அதிகம். எண்ணிக்கை ஏற ஏற இதய நோய், புற்றுநோய், நுரையீரல் நோய், கல்லீரல் நோய் எல்லாமே படிப்படியா ஏறுது.

சிகரெட்டும் குடியும் ஒரு காரணம், சரி. ஆனா அது மட்டும் இல்லை. நியூசிலாந்தின் டனீடின் நகரத்தில் 1972-73இல் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளைப் பிறந்ததுல இருந்தே பின்தொடர்ந்து வர்றாங்க. முதல் 10 வருஷத்தில் கொடுமைக்கு ஆளானவங்களுக்கு 32 வயசில் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு கூடுதலா இருந்தது. எப்பவும் அடிக்குப் பயந்து வளர்ற உடம்பு, அடி நின்ன பிறகும் உஷார் நிலையிலேயே இருக்குன்னு புரிஞ்சுக்கலாம். ரத்தக்குழாய் அதுக்கான விலையைக் கொடுக்குது.

'வளர்ந்தவங்க பழசை ஞாபகப்படுத்திச் சொல்றதை எப்படி நம்பறது?' நியாயமான கேள்வி. அதுக்கு வேற வழியில பதில் தேடினவர் கேத்தி ஸ்பாட்ஸ் விடம். ஞாபகத்தை நம்பாம, 1967 முதல் 1971 வரை அமெரிக்க நீதிமன்றப் பதிவில் உறுதியான கேஸ்களை எடுத்தார். அதே வயசு, அதே மாதிரிக் குடும்பத்துப் பிள்ளைகளை ஒப்பீட்டுக்கு வெச்சார். அவங்க நடுவயசுக்கு வந்தப்ப, ஒரு வேலையில் இருக்கும் வாய்ப்பில் 14 சதவீத இடைவெளி இருந்தது. சம்பளமும் சொத்தும் குறைவு. பெண்களுக்கு அடி இன்னும் பலம்.

இன்னொரு எச்சரிக்கை. இந்த மதிப்பெண்ணை வெச்சு இணையத்தில் 'உங்க ஸ்கோர் என்ன'ன்னு டெஸ்ட் சுத்துது. தனி ஆளோட எதிர்காலத்தைச் சொல்ல இதைப் பயன்படுத்தாதீங்கன்னு 2020இல் ஆண்டாவே எழுதிட்டார். கூட்டத்துக்கான கணக்கு இது, ஜாதகம் இல்லை.

சரி, மாத்த முடியுமா? எனக்குப் பிடிச்ச பதில் ஜமைக்காவில் இருக்கு. 1986-87, கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைப் பகுதிகள். சாலி கிரந்தாம்-மெக்ரிகர் என்ற மருத்துவர், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார். வயசு 9 முதல் 24 மாதம். சில பேருக்கு வாராவாரம் சத்துமாவுப் பால். சில பேர் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் கிராம சுகாதார செவிலியர் மாதிரி ஒரு பெண் ஊழியர் போய், அம்மாவையும் குழந்தையையும் சேர்த்து விளையாட வைப்பார். பொம்மைகள் வீட்டில் தூக்கிப்போடற பொருளில் செஞ்சவை. சில பேருக்கு ரெண்டுமே. மீதிப் பேருக்கு ரெண்டும் இல்லை. ரெண்டு வருஷம், அவ்வளவுதான்.

22 வயசில் திரும்பிப் போய்ப் பார்த்தாங்க. பால் மட்டும் வாங்கின பிள்ளைகளுக்கு நீடிச்ச பலன் இல்லை. விளையாடின பிள்ளைகளோட சம்பளம் 25 சதவீதம் அதிகம். வளர்ச்சி குன்றாத பிள்ளைகளை எட்டிப் பிடிச்சிருந்தாங்க. பொருளாதார நோபல் வாங்கின ஜேம்ஸ் ஹெக்மனும் சேர்ந்து எழுதி 2014இல் சயன்ஸ் இதழில் வந்த கணக்கு இது. 31 வயசில் பார்த்தப்ப அந்த இடைவெளி இன்னும் கூடியிருந்தது.

நம்ம ஊரில் அங்கன்வாடியில எடை எடுக்கிறோம், சத்துமாவு கொடுக்கிறோம். அந்தச் சத்துமாவோட சேர்த்து அம்மாகிட்ட 'குழந்தையோட எப்படி விளையாடறீங்க'ன்னு கேட்க ஒரு ஊழியருக்கு நேரம் கொடுக்கிறோமா? ஜமைக்கா முறையை ஒடிசாவின் கட்டாக் நகரக் குடிசைப் பகுதிகளில் ஏற்கனவே செஞ்சு பார்த்திருக்காங்க. அங்கேயும் பிள்ளைகளோட அறிவு வளர்ச்சி கூடுச்சு.