தில்லை வடக்குக் கோபுரத்தின் காலம்

தில்லைத் திருக்கோயிலின் வடக்கு இராச கோபுரத்தை எடுப்பித்தவர் யாவர் என வினவின், விசயநகர வேந்தராகிய கிருட்டிணதேவராயர் என்பதே பலரும் கூறும் விடையாம். அதற்குக் கல்வெட்டே சான்று. கலிங்கத்தின் மேற்சென்று வென்று, பொட்டுனூரில் வெற்றித்தூண் நிறுத்தி, பின்னர்ப் பொன்னம்பலத்தை அடைந்து வழிபட்டு, வடக்குக் கோபுரத்தைக் கட்டுவித்ததாக அவ்வரசர் அதன்கண் அறிவிக்கின்றார். காலம் 1516 ஆம் ஆண்டை ஒட்டியது. கோபுர வாயிலின் மாடமொன்றில் அவர் திருவுருவமும் உளது.

ஆயினும் கல்லும் ஒரு சான்றன்றோ? இக்கோபுரத்தின் கீழ்ப்பகுதி கருங்கல். மேல் ஏழு நிலைகளும் செங்கல்லும் சுதையும். அக்கற்பகுதியோ, ஈரடுக்காய் மாடங்கள் நிரல்பட நிற்கும் அமைதியில், ஏனை மூன்று கோபுரங்களோடு பெரிதும் ஒத்துள்ளது. அவை 12, 13 ஆம் நூற்றாண்டுகளின. தெற்குக் கோபுரம் கோப்பெருஞ்சிங்கனது சொக்கச்சீயன் என்னும் பெயரைத் தாங்கியது. ஆதலின் வடக்கின் கல்வேலை 1300 ஆம் ஆண்டளவிலேயே தொடங்கப்பெற்றுக் குறையாய் நின்றதென்றும், இராயர் அதனை நிறைவேற்றினாரென்றும் ஆராய்ச்சியாளர் கருதுவர். அக்கருத்தே எமக்கும் பொருந்துகின்றது.

இவ்வகை வழக்கு நம் நாட்டிற்கே உரியதன்று. கிரேக்க நாட்டு டெல்பியில் ஆதென்சு நகரத்தார் காணிக்கைப் பொருள் வைத்தற்குப் பளிங்கினால் ஒரு கருவூலம் கட்டினர். கி.மு. 490 இல் நிகழ்ந்த மராத்தான் போரின் கொள்ளைப் பொருளால் ஆயதென்று பௌசானியாசு என்னும் பழைய ஆசிரியர் எழுதினார். சிற்ப அமைதியை நோக்கினோர் சிலர், போருக்கு முற்பட்டதென மறுத்தனர். பின்னர் அடித்தளத்தைத் தோண்டி நோக்கியவர், போர்க் காணிக்கை எழுத்துப் பொறித்த மேடையும் கருவூலமும் ஒருங்கே திட்டமிடப்பட்டவை எனக் கண்டு, பழைய கூற்றையே வலியுறுத்தினர். ஆண்டு எழுத்தும் அடித்தளமும் ஒத்தன. ஈண்டு அவை ஒத்தில.

அங்ஙனமாயின் இராயர் பொய்யுரைத்தாரோ எனின், அன்று. குறைப்பணி முடித்தாரையும் கட்டுவித்தார் என்றல் திருப்பணி வழக்கே. பிழை, கல்வெட்டை மட்டும் படித்து அடித்தளத்தை நோக்காத நம்மதே. அதனால் முதற்கல் நாட்டியவரை நாம் இழக்கின்றோம்.

கோபுரத்தில் அரசர் ஒருவரே நிற்கவில்லை. விருத்தகிரிச் சேவகப்பெருமாள், அவர் மகன் விசுவமுத்து, திருப்பிறைக்கோடை ஆசாரி திருமருங்கன், அவர் தம்பி காரணாச்சாரி எனச் சிற்பியர் நால்வர் தம் பெயரோடு அங்கே பொறிக்கப்பட்டுளர். விருத்தகிரியாவது இக் கடலூர் மாவட்டத்து விருத்தாசலமே. வடக்கு வாயில் வழியே செல்லும் அன்பர்கள் அந்நால்வரையும் ஒருகாற் காண்பாராக.