பந்து உருண்டு போன பள்ளம்



மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது, 'கோவில்பட்டி அன்றும் இன்றும்' என்று ஒரு கட்டுரை. அந்தத் தலைப்பில் எழுத உட்கார்ந்தால் தீப்பெட்டி, பருத்தி, கடலை மிட்டாய் என்று பேனா தானாக ஓடிவிடும். கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. இனி நான் எழுதி அதற்குப் பெருமை சேர வேண்டியதில்லை. ஆகவே ஒரே ஒரு பழைய புகைப்படத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதில் மனிதர் யாரும் தெரியமாட்டார்கள். நம் ஊரின் தலைக்கு நேர் மேலே, வானத்திலிருந்து எடுத்த படம் அது.

படம் வந்த கதை

1960 முதல் 1972 வரை அமெரிக்கா 'கொரோனா' என்ற பெயரில் உளவுச் செயற்கைக்கோள்களைப் பறக்கவிட்டது. (பெயரைக் கேட்டதும் முகக்கவசத்தைத் தேட வேண்டாம், இது வேறு!) சோவியத் யூனியனையும் சீனாவையும் வேவு பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. டிஜிட்டல் கேமரா இல்லாத காலம். படம் பிடித்த பிலிம் சுருளை ஒரு கூட்டுக்குள் வைத்துப் பூமிக்கு இறக்குவார்கள். அது பாராசூட்டில் மிதந்து வரும்போது, விமானத்தில் போய் நடுவானிலேயே கொக்கி போட்டுப் பிடிப்பார்கள். வேவு பார்க்கப் போனவர்கள் போகிற போக்கில் நம் கரிசல்காட்டையும் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். 1995-ல் ரகசியம் விலக்கப்பட்டு, எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன.

நம் நாட்டிலும் விமானத்திலிருந்து எடுத்த பழைய படங்கள் உண்டு. ஆனால் அவை நெடுங்காலம் பாதுகாப்புக் கட்டுப்பாட்டில் இருந்தவை. என்னைப் போன்ற ஓய்வுபெற்ற வாத்தியார் கேட்டு வாங்குவது லேசான காரியமல்ல. வெளிநாட்டில் இருக்கும் என் அண்ணன் மகன்தான் 1960-களில் எடுத்த இந்தப் படத்தைத் தேடிப் பிடித்து, பெரிதாக்கி அனுப்பினான்.

மூணு கல்லு அடுப்பு

நான் வரலாறு படித்தவன். கல்வெட்டு என்றால் தட்டுத்தடுமாறியாவது படித்துவிடுவேன். இந்தப் படம் ஒன்றும் பிடிபடவில்லை. கறுப்பும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த பையன் சிரித்தான்: "சித்தப்பா, படத்தைத் தலைகீழா வச்சுப் பாக்கீக!"

திருப்பி வைத்துப் பார்த்தால் முதலில் தெரிந்தது ரயில் பாதை. 1876-ல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் போட்ட பாதை. ஊர் எவ்வளவு மாறினாலும் இடம் மாறாத சாட்சி. கொரோனா கேமரா இடவலமாகச் சுழன்று படமெடுக்கும். அதனால் பிலிமின் ஓரத்துக்குப் போகப் போக நேர்கோடும் வளைந்து தெரியும் என்று அவன் எச்சரித்திருந்தான். ஒரே கோட்டை நம்ப முடியாது, இன்னும் இரண்டு அடையாளம் வேண்டும். மூணு கல்லு வச்சாத்தானே அடுப்பு நிக்கும்!

இரண்டாவது கல், மில்களின் நீண்ட கூரைகள். மூன்றாவது, 1901-ல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். சுற்றிலும் உள்ள சம்சாரிகளின் புஞ்சைகள் கோணல்மாணலாகக் கிடக்க, அது மட்டும் கட்டம் போட்ட நோட்டுப் போல இருந்தது. இந்த மூன்றையும் சர்வே ஆப் இந்தியாவின் 58 ஜி/16 என்ற வரைபடத்தோடும், இன்றைய செயற்கைக்கோள் படத்தோடும் பொருத்திப் பார்த்தோம். பழைய படம் மெல்ல மெல்ல ஊராக மாறியது.

எவ்வளவு சின்ன ஊர்! 1964-ல்தான் கோவில்பட்டி நகராட்சி ஆனது. கொஞ்சத் தூரத்தில் வீடுகள் முடிந்து காடு தொடங்கிவிடுகிறது. இன்று நாம் நகரத்தின் பகுதிகளாகவே நினைக்கும் இலுப்பையூரணியும் மந்தித்தோப்பும் திட்டங்குளமும் தனித்தனிக் கிராமங்களாகத் தள்ளித் தள்ளி நிற்கின்றன. பெயர்களை நிறுத்திப் படியுங்கள்: ஊரணி, தோப்பு, குளம். தண்ணீரையும் மரத்தையும் வைத்துப் பெயர் வைத்த ஊர்களுக்கு நடுவே, நாம்தான் ஆட்களின் பெயரில் 'நகர்'களை நட்டுவைத்தோம்.

பெரியவர் படித்த கோடு

ரயில் பாதைக்கு அடுத்தபடியாகப் படத்தில் கண்ணில் படுபவை பிறை பிறையாகக் கிடக்கும் கண்மாய்க் கரைகள். ஒன்று நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்ததற்குத் தண்ணீர் போகும். இந்தச் சங்கிலியைப் பற்றித் தெரிய வேண்டுமானால் நம் ஊர் எழுத்தாளர் சோ. தர்மனின் 'சூல்' நாவலைப் படிக்கலாம். ஒரு கண்மாயையும் அதை நம்பி வாழ்ந்த கிராமத்தையும் பற்றிய அந்தக் கதைக்குத்தான் 2019-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

எங்கள் நகர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு நெளிந்து போயிற்று. நான் அதை வண்டிப்பாதை என்று குறித்து வைத்தேன். அந்தப் பக்கம் ஆடு மேய்த்து வளர்ந்த ஒரு பெரியவர் ஒருநாள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பாதைன்னா மேடு பாத்துப் போகும் சார். இது பள்ளம் பாத்துல்லா போவுது. இது ஓடை. மேக்க இருந்து வந்து கம்மாயில விழும். நீங்க வீடு கட்டி இருக்கீகளே, அது கம்மா உள்வாய்."

கம்ப்யூட்டரும் வரைபடமும் சொல்லாததை அவர் ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் நகரில் எல்லாத் தெருவும் ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக இருக்கும். இரண்டாவது தெரு மட்டும் வளையும். இத்தனை வருஷம் அதில் நடந்தும், ஏன் வளைகிறது என்று நான் யோசித்ததில்லை. அந்த வளைவைப் போட்டது ஓடை.

என் வகுப்பு நண்பர்களே, உங்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வர வேண்டும். 1970-களில் சாயங்காலம் நாம் கிரிக்கெட் ஆடிய பொட்டல் அதுதான். எந்தப் பக்கம் அடித்தாலும் பந்து கடைசியில் அந்தப் பள்ளத்துக்குத்தான் உருண்டு போகும். "இந்தக் கிரவுண்டுக்கே ஓரவஞ்சனைடா" என்று திட்டிக்கொண்டே ஓடிப்போய் எடுப்போம். பந்து தினமும் நமக்குப் பூகோளப் பாடம் நடத்தியது. நாம் கவனிக்கவில்லை.

கரிசலின் கணக்கு

கரிசல்மண்ணின் குணம் தெரிந்தால் இதில் உள்ள ஆபத்து புரியும். கோடையில் அது கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். முதல் மழையை அந்த வெடிப்புகள் குடித்துவிடும். நனைய நனைய மண் உப்பி வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அப்புறம் பெய்கிற மழை உள்ளே இறங்க வழியில்லாமல் மேலாகவே ஓடும். நம் பக்கம் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான். மழை பொய்த்த வருஷங்களில் ஓடையில் ஒரு சொட்டும் வராது. பல வருஷம் காய்ந்து கிடப்பதைப் பார்ப்பவனுக்கு அது ஓடை என்றே தோன்றாது, காலி மனை என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தார் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நம் வட்டாரத்திலும் கொட்டித் தீர்த்தது. அன்றிரவு தண்ணீர் இரண்டாவது தெருவின் வளைவில் அப்படியே வளைந்து, வழி கேட்காமல் வந்தது. எங்கள் வீட்டில் முழங்காலளவு. நான் கட்டிவைத்திருந்த புத்தகங்களில் கீழ்த்தட்டு முழுவதும் போயிற்று. போனது புத்தகம் மட்டும்தான் என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

ஒரு ஒப்புதல்

இனிமேல் எழுதப் போவதுதான் எனக்குக் கஷ்டமானது. 1986-ல் நெல்லையிலிருந்து நம் மாவட்டம் பிரிந்த பிறகு, மனை விலை ஏறும் என்று ஊரே பேசியது. வருங்கால வைப்புநிதியில் கடன் எடுத்து நான் மனை வாங்கினேன். நான் மட்டும் வாங்கியிருந்தால் பரவாயில்லை. "நல்ல இடம்டா, காத்தோட்டமா இருக்கும்" என்று சொல்லி, நம் வகுப்பைச் சேர்ந்த மூன்று பேரையும் பக்கத்திலேயே வாங்க வைத்தேன். வெள்ளத்தன்று அந்த மூன்று வீட்டிலும் தண்ணீர். ஒருவருடைய தாயாரைக் கட்டிலோடு மாடிக்குத் தூக்க வேண்டியிருந்தது. இதுவரை மூவரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

பிறகு போய் சர்வே புலப்படத்தை வாங்கிப் பார்த்தேன். ஓடை அதில் அழகாக வரைந்திருக்கிறது. பத்திரத்தில் ஒரு வரி இல்லை. நான் பத்திரத்தை மட்டும் படித்தேன். மூலச் சான்றைப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது என்று வகுப்பில் முப்பது வருஷம் பாடம் எடுத்தவன், சொந்த மனைக்கு அதைச் செய்யவில்லை.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பெரியவரைப் போன்றவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பழைய படத்தையும் புலப்படத்தையும் கையில் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். ஒவ்வொரு ஓடையும் எங்கே தொடங்கி எந்தக் கண்மாயில் விழுந்தது என்று கேட்டுக் குறித்து வையுங்கள். கண்மாய்களைக் காக்க 2007-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஓடை எங்கே இருந்தது என்று காட்ட ஆளில்லாவிட்டால் சட்டம் எதைக் காக்கும்? கட்டிய வீடுகளை எல்லாம் இடிக்கச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் முதலில் என் வீடுதான். மிச்சமிருக்கும் வழியையாவது அடைக்காமல் விடலாம், அடுத்த மனையை வாங்குகிறவனிடம் உள்ளதைச் சொல்லலாம்.

சந்திப்பு நாளன்று அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு வரலாற்றுத் துறை அறையில் மாட்டி வைக்கிறேன். எல்லோரும் வாருங்கள். நம் கல்லூரி இருக்கும் இடத்தையும், பிறகு உங்கள் வீடு இருக்கும் இடத்தையும் விரல் வைத்துத் தேடிப் பாருங்கள். அந்த மூன்று நண்பர்களுக்கும் தனியாகச் சொல்கிறேன்: பந்து போன பள்ளத்தை நானே காட்டுகிறேன். அப்போதாவது என்னைத் திட்டிவிடுங்கள்.